ஒருவர் கேட்டால் மன்றமே பதில் சொல்லட்டும்

தமிழ்நாட்டின் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வழிசெய்யும் இரண்டு சட்ட முன்வடிவுகளை 2025 ஏப்ரல் 16 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிமுகம் செய்தார். ஊராட்சிகளுக்கான 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஒன்று, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான 1998ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஒன்று. இரண்டும் நிறைவேறிச் சட்டமாகிவிட்டன. நகர்ப்புற உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளி உறுப்பினர்கள் 35 பேர் மட்டுமே என்று அப்போது அரசே சொன்னது. 2022 பிப்ரவரியில் தேர்தல் அறிவிக்கப்பட்ட நகர்ப்புற வார்டுகளோ 12,838. மாநிலத்தில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர் என்கிறது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒன்றரைப் பேருக்கு மேல் இருப்பவர்கள், மன்ற இருக்கைகளில் அப்போது ஆயிரத்துக்கு மூன்று பேர்கூட இருக்கவில்லை.

இந்த ஏற்பாட்டை மனமார வரவேற்கிறோம். கூடவே ஒரு கவலையும் இருக்கிறது. ஒரு பிரிவினருக்காகப் பேச ஒருவரை உட்காரவைத்துவிட்டால், மற்ற உறுப்பினர்கள் எல்லாரும் அந்தப் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்வார்களோ என்பதுதான் அது. “அது அவங்க பாத்துக்குற விஷயம்” என்ற ஒற்றை வரி மன்றத்துக்குள் நுழைந்துவிட்டால், வந்த உறுப்பினரின் வருகையே வீணாகிப் போகும்.

நியமன உறுப்பினருக்கு ஓட்டு கிடையாது. நகராட்சிகளில் இப்படி நியமிக்கப்படுகிறவர்கள் கூட்டத்தில் கலந்துகொண்டு பேசலாம், வாக்களிக்க முடியாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 243ஆர் பிரிவே சொல்கிறது. ஓட்டு இல்லாத உறுப்பினர் என்ன செய்துவிடப் போகிறார் என்று தேநீர்க் கடைகளிலும் கட்சி அலுவலகங்களிலும் பேசிக்கொள்கிறார்கள். நம் மன்றக் கூட்டங்கள் நடக்கும் விதத்தைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். பொருள் நிரலில் தீர்மானங்கள் வரிசையாக அச்சாகியிருக்கும். உதவியாளர் எண்ணை வாசிப்பார், முன்வரிசையில் இருந்து “ஏகமனதாக” என்று ஒரு குரல் வரும், அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார்கள். கை தூக்கி எண்ணுகிற நிலை வருவதே அபூர்வம். மன்றத்தில் ஒரு விஷயம் மாறுகிறதென்றால், அந்த எண் வாசிக்கப்படும் நேரத்தில் யாரோ ஒருவர் எழுந்து, “மேயர் அவர்களே, இந்த மதிப்பீட்டில் சாய்வுதளம் சேர்ந்திருக்கிறதா?” என்று கேட்டதால்தான் மாறுகிறது. அந்தக் கேள்விக்கு ஓட்டு தேவையில்லை. விஷயம் தெரிந்திருக்க வேண்டும், கேட்கிற துணிவு வேண்டும், கேட்டதைக் காதில் வாங்கிக்கொள்கிற மன்றம் வேண்டும்.

சாய்வுதளம் என்ற பேச்சு வந்ததால் அதையே சற்று அருகில் நின்று பார்ப்போம். பெயர் வேண்டாம், ஒரு நகரின் வார்டு அலுவலகம். வாசலில் மூன்று படிகள், சேர்ந்து ஒன்றரை அடி உயரம். பக்கத்திலேயே சாய்வுதளமும் கட்டியிருக்கிறார்கள். அதன் நீளம் ஐந்து அடிதான் இருக்கும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது பொதுக் கட்டடங்களுக்கான அளவு. அதன்படி அங்கே பதினெட்டு அடி வேண்டும். போட்டிருப்பது வழுவழுப்பான தரை ஓடு, மழை பெய்தால் நடந்து வருகிறவரே சறுக்குவார். கைப்பிடி ஒரு பக்கம் மட்டும், அதுவும் பாதியில் நின்றுவிடுகிறது. அடியில் ஊழியர்களின் இருசக்கர வாகனங்கள். சக்கர நாற்காலியில் வருகிறவரை இரண்டு பேர் பிடித்துத் தள்ளினால்கூட அதில் ஏற்ற முடியாது. தட்டுத்தடுமாறி உள்ளே போய்விட்டாலும் கவுன்ட்டர் நெஞ்சு உயரத்துக்கு மேலே இருக்கிறது.

ஆனால் காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும். மதிப்பீட்டில் ‘சாய்வுதளம், எண்ணிக்கை 1’ என்று இருந்திருக்கும். ஒப்பந்ததாரர் கட்டினார், பொறியாளர் அளவுப் பதிவேடான எம் புக்கில் ஏற்றினார், பில் பாஸ் ஆனது. இதில் யாரும் பணத்தைத் திருடினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இவர்களில் ஒருவர்கூட, இதில் ஏறப்போகிறவர் யார் என்று நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்தச் சாய்வுதளத்தில் தினமும் ஏறி இறங்குகிற ஒருவர் மன்றத்தில் இருந்திருந்தால், மதிப்பீடு மேசைக்கு வந்த அன்றே நீளம் எவ்வளவு என்று கேட்டிருப்பார். ஒரு பிரிவினரின் சார்பாகப் பேசும் உறுப்பினரின் அருமை இங்கேதான் இருக்கிறது. மற்றவர்களுக்குத் தோன்றவே தோன்றாத கேள்வி அவருக்கு முதலிலேயே தோன்றும்.

பிரிட்டனின் உள்ளாட்சி மன்றங்களில் இதற்கு இணையான ஒரு பழக்கம் இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களில் ஒருவரை ஒரு பிரிவுக்கோ பிரச்சினைக்கோ ‘மெம்பர் சாம்பியன்’ என்று மன்றம் நியமிக்கிறது. முதியோருக்கு ஒருவர், மனநலத்துக்கு ஒருவர், முன்னாள் படைவீரர்களுக்கு ஒருவர், பாரம்பரியக் கட்டடங்களுக்கு ஒருவர், சைக்கிளில் செல்வோருக்கு ஒருவர் என ஊருக்கு ஊர் பட்டியல் மாறும். பெரும்பாலான பொறுப்புகளுக்குச் சட்டப் பின்புலமோ தனி அதிகாரமோ கிடையாது. குழந்தைகள் நலத்துக்கான முதன்மை உறுப்பினர் பதவி விதிவிலக்கு. இங்கிலாந்தில் அதை 2004ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. அதிகாரம் இல்லாவிட்டாலும் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. அந்தப் பிரிவைச் சேர்ந்த ஒருவருக்கு மன்றத்தில் யாரை அழைத்துப் பேசுவது என்று தெரிகிறது. அதிகாரிகளுக்கும் ஒரு திட்டத்தை வரையும்போதே யாரைக் கலந்துகொள்வது என்று தெரிகிறது. அங்கே கிடைத்த அனுபவத்தில் நமக்கு ஒரு பாடமும் உண்டு. அந்தப் பொறுப்பு என்ன என்று எழுதிவைத்து, ஆண்டுக்கு ஒரு முறை மன்றத்தில் அறிக்கை கேட்கிற ஊரில் அது வேலை செய்கிறது. பட்டத்தை மட்டும் கொடுத்துவிட்டு மறந்த ஊரில் அது பெயர்ப் பலகையாக நின்றுவிடுகிறது.

வெளிநாடு வரை போக வேண்டாம் என்பவர்கள் கேரளத்தைப் பார்க்கலாம். 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில், உள்ளாட்சிகளின் திட்ட நிதியில் பத்து விழுக்காட்டைப் பெண்களுக்கான பணிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று வைத்தார்கள். ஒவ்வொரு துறைக்கும் செயற்குழு அமைத்து, தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் உறுப்பினரை அதற்குத் தலைவராக்கினார்கள். பேச ஆள் இருந்தார், அவர் பேசியதை நிறைவேற்றப் பணமும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருந்ததால் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. நம் நியமன உறுப்பினர்களுக்கும் இப்படி ஒன்று வேண்டும். ஒவ்வொரு மன்றமும் தன் நிதிநிலை அறிக்கையில், சிறியதாக இருந்தாலும், மாற்றுத்திறனாளிகளுக்கான பணிகளுக்கென ஒரு தனித் தலைப்பு வைக்கட்டும். தொகை எவ்வளவு என்பதை அந்தந்த மன்றம் முடிவு செய்துகொள்ளலாம். தலைப்பே இல்லை என்றால் உறுப்பினர் எதைக் காட்டிக் கேட்பார்?

இருக்கை கிடைத்தாலே குரல் கிடைத்துவிடும் என்று நம்பி ஏமாந்த வரலாறு நமக்கு உண்டு. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. எதிர்ப்புகளை மீறித் தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பிய அவரையும் சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் பத்தாண்டுகள் முறையான தலைவர் வர முடியவில்லை. மனுத் தாக்கல் செய்ய ஆள் வராது, வந்து வென்றவரும் உடனே பதவி விலகுவார். 2006இல்தான் அந்த நான்கு ஊர்களிலும் தேர்தல் ஒழுங்காக நடந்து முடிந்தது. மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகப் போய்ப் பேசியது, கட்சிகளும் தலித் அமைப்புகளும் விடாமல் நின்றன, ஊர்ப் பெரியவர்களில் சிலரும் இறங்கிவந்தார்கள். ஊராட்சிச் சட்டம் 1994இல் வந்தது. அது அந்த ஊர்களுக்குள் நுழைய இத்தனை பேரின் கை தேவைப்பட்டது. 2021 அக்டோபர் 2 அன்று பாப்பாபட்டியில் நடந்த கிராம சபையில் முதலமைச்சரே போய் உட்கார்ந்தார் என்றால், அந்த ஊர் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்று பாருங்கள்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படம் 2020இல் வெளியானபோது நாடே அதிர்ந்தது. அந்தப் படத்தில் மற்ற உறுப்பினர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவராவது எழுந்து “தலைவர் நாற்காலியில் உட்காரட்டும்” என்று சொல்லியிருந்தால் அந்தப் படம் வந்திருக்காது. பெண்களுக்கு உள்ளாட்சியில் 50 விழுக்காடு ஒதுக்கிய சட்டம் 2016இல் வந்தது. இன்றும் பல வார்டுகளில் மனைவி கவுன்சிலர், பேசுவதும் தொலைபேசியை எடுப்பதும் கணவர். அந்தக் கணவரைக் கூப்பிட்டுப் பேசுகிற அதிகாரிக்கும், “கவுன்சிலரம்மா எங்கே?” என்று கேட்காமல் அவரிடமே மனுவைக் கொடுத்துவிட்டு வருகிற நமக்கும் இதில் பங்கு உண்டு. நாளை மாற்றுத்திறனாளி உறுப்பினருக்கும் இதே நிலை வரலாம். கட்சிக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்ததை அவர் வாசித்துவிட்டுப் போகும்படி ஆகிவிடக் கூடாது.

மறுபக்கமும் இருக்கிறது. 2022 தேர்தலில் வேலூர் மாநகராட்சி 37ஆவது வார்டில் திருநங்கை கங்கா வென்றார். 2020 ஜனவரியில் திருச்செங்கோடு ஊராட்சி ஒன்றியத்தின் ஒரு வார்டில் திருநங்கை ரியா வென்றார். ஒரு வார்டில் திருநங்கை வாக்காளர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? இவர்களை வெல்லவைத்தது அந்த வார்டுகளின் குடும்பத் தலைவிகளும் நெசவாளிகளும் கடைக்காரர்களும்தான். தண்ணீர் வரவில்லையென்றால் அவர்கள் எல்லாரும் போய் நிற்பது கங்காவின் வாசலில்தான். ஒரு பிரிவிலிருந்து வந்தவர் வார்டு முழுதுக்குமான கவுன்சிலராக இருக்க முடியும் என்பதை அந்த வாக்காளர்கள் கேள்வியே இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்காகப் பேசினால் பொதுநலன் குறைந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் அந்த வார்டுகளைப் போய்ப் பார்க்கட்டும். சாய்வுதளம் வைத்த இடத்தில் முதலில் ஏறுகிறவர்கள் மூட்டுவலிப் பாட்டிகளும் வயிற்றுப் பிள்ளைக்காரிகளும்தான். தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள் என்பது 2011 கணக்கு, இப்போது அது இன்னும் கூடியிருக்கும்.

மெரினாவை எடுத்துக்கொள்ளுங்கள். கடலில் கால் நனைக்க வேண்டும் என்பது சக்கர நாற்காலியில் இருப்பவர்களின் பல்லாண்டுக் கோரிக்கை. டிசம்பரில் சில நாட்கள் மட்டும் தற்காலிகப் பாதை போடுவார்கள், பிறகு எடுத்துவிடுவார்கள். கடைசியில் 263 மீட்டர் நீளத்தில் நிரந்தர மரப்பாதை ஒன்று 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து அதன் கடலோரப் பகுதியைப் பெயர்த்துப் போட்டது. பலகைகள் சிதறிக் கிடந்த அந்த நாளில், பணம் வீண் என்று பேசியவர்களும் இருந்தார்கள், உடனே சரிசெய்யுங்கள் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். இரண்டாவது குரலில் மாற்றுத்திறனாளிகள் மட்டும் இல்லை, கடற்கரைக்கு நடந்து வருகிற பொதுமக்களும் சேர்ந்திருந்தார்கள். பாதை மறுபடியும் சரியானது. ஓர் ஏற்பாடு நிலைக்க வேண்டுமென்றால் அதை நேரடியாகப் பயன்படுத்தாதவர்களும் அதை விட்டுக்கொடுக்காமல் நிற்க வேண்டும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்கு இதில் சட்டப்படியே பொறுப்பு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட நலிந்த பிரிவினரின் நலனைக் காப்பது நகராட்சிகளின் பணிகளில் ஒன்று என்று அரசமைப்புச் சட்டத்தின் பன்னிரண்டாவது அட்டவணையில் ஒன்பதாவது இனமாக எழுதியிருக்கிறது. அது மன்றம் முழுதுக்குமான பணி. நியமன உறுப்பினர் வந்ததால் அது அவர் ஒருவர் தலையில் இறங்கிவிடவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. விதிகளுக்குப் பொருந்தாத கட்டட வரைபடத்துக்கு அனுமதி தரக் கூடாது, பொருந்தாத கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்று தரக் கூடாது என்கிறது அதன் 44ஆவது பிரிவு. அந்த அனுமதியும் சான்றும் பெரும்பாலும் உள்ளாட்சியின் நகரமைப்புப் பிரிவு வழியாகவே போகின்றன. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்கிறது 45ஆவது பிரிவு. விதிகள் வந்தது 2017 ஜூன், கெடு முடிந்தது 2022 ஜூன். உங்கள் ஊர் ரேஷன் கடைக்கும் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கும் இந்தக் கெடு எப்போதோ கடந்துவிட்டது. நகரமைப்பு நிலைக்குழுவின் தலைவரும் உறுப்பினர்களும் ஓட்டுரிமை உள்ளவர்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் எத்தனை வரைபடங்கள் இந்த அளவுகோலில் தேறின, எத்தனை திருப்பியனுப்பப்பட்டன என்று அவர்கள் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நியமன உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. மாற்றுத்திறன் என்பது ஒரே வகை அல்ல, 2016 சட்டம் 21 வகைகளைக் குறிப்பிடுகிறது. சக்கர நாற்காலியில் இருப்பவர் செவித்திறன் குறைந்தவருக்காகவும், பார்வையற்றவர் அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளையின் தாய்க்காகவும் பேச வேண்டியிருக்கும். அதற்கு முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரில் உள்ள சங்கங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டு நின்றாலும் எல்லாரையும் சந்தியுங்கள். மன்றத்தில் குப்பை பற்றிப் பேசும்போதும், குடிநீர் பற்றிப் பேசும்போதும், தெருவிளக்கு பற்றிப் பேசும்போதும் எழுந்து பேசுங்கள். உங்களுக்கென ஒரு நாள், ஒரு தலைப்பு என்று ஒதுக்கிவைத்தால் அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கட்சிகள் இந்த இடங்களைத் தங்கள் கிளைச் செயலாளருக்கான பரிசாகப் பார்க்கக் கூடாது. கட்சிக்காரர் வரக் கூடாது என்பதில்லை, களத்தில் வேலை செய்தவர் வர வேண்டும். அதிகாரிகள் கூட்ட அரங்கை முதலில் சரிசெய்யட்டும். பொருள் நிரலைப் பார்வையற்ற உறுப்பினர் திரை வாசிப்பானில் கேட்கக்கூடிய வடிவில் முன்கூட்டியே அனுப்புவதும், தேவைப்படும் இடத்தில் சைகைமொழி பெயர்ப்பாளரை அழைப்பதும் சலுகைகள் ஆகா. அவை இல்லாமல் அவரை உறுப்பினர் என்று அழைப்பதில் பொருள் இல்லை. மன்றக் கூடம் மாடியில் இருந்து மின்தூக்கியும் இல்லாத ஊர்களில், கூட்டத்தைத் தரைத்தளத்துக்கு மாற்ற ஒரு தீர்மானம் போதும்.

ஊரகப் பகுதியின் நிலை வேறு. 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. மன்றமே இல்லாத இடத்தில் உறுப்பினர் எங்கே போய் உட்காருவார்? நகர்ப்புறத்திலும் 2016 முதல் 2022 வரை இதே கதைதான் நடந்தது. உள்ளாட்சித் தேர்தலைக் காலத்தில் நடத்துவது இந்தப் பிரிவினருக்குச் செய்கிற முதல் உதவி.

இனி நம் பங்கு. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரங்களில் வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் 2022இல் வந்தன. பல பகுதிகளில் அந்தக் கூட்டத்துக்கு நாற்பது பேர்கூட வருவதில்லை, வருகிறவர்களும் தங்கள் தெருச் சாக்கடையைப் பற்றிக் கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அது தவறில்லை, சாக்கடையையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் படியேற முடியாததால் வராமல் போன பக்கத்து வீட்டுப் பெரியவர், கூட்டம் நடப்பதே தெரியாமல் போன செவித்திறன் குறைந்த பெண், வந்தால் ஏளனம் செய்வார்களோ என்று தயங்கி நின்ற திருநங்கை ஆகியோரின் பெயர்கள் அந்த வருகைப் பதிவேட்டில் இருக்காது. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது இவர்களில் ஒருவரையாவது உடன் அழைத்துச் செல்லுங்கள். அழைத்துச் செல்ல முடியாவிட்டால், உங்கள் கேள்வியைக் கேட்டு முடித்த பிறகு அவருடைய கேள்வியையும் நீங்களே கேளுங்கள். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.